பணம் கைமாறும் எழுத்தில் வழு எது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில கிளை விளக்கங்கள் இங்கே விடப்பட்டுள்ளன.)



மொழி பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ இலக்கணமோதான் பொருளாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நம் வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டது கடன் விளம்பரத்திலும், மண்டப முன்பதிவுச் சீட்டிலும், நிலுவை நினைவூட்டுக் கடிதத்திலும், தள்ளுபடி அறிவிப்பிலும் புழங்கும் தமிழை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஒரு நாள் நடந்தால் கண்ணில் படும் தமிழில் பெரும்பகுதி இந்த வகைதான். கவிதை படிக்காத தமிழர் உண்டு. வட்டி விகிதம் படிக்காத தமிழர் இல்லை. ஆயினும் இந்த எழுத்தை நம் புலமையுலகம் ஆராயத்தக்க எழுத்தாக எண்ணவில்லை. எண்ணிப் பார்க்கும் அரிய வேளைகளிலும் எழும் குறை பெரும்பாலும் இரண்டே: பிறமொழிச் சொல் புகுந்துவிட்டது, ஒற்று விடுபட்டுவிட்டது.

அவை குறைகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அவற்றை முதற் குற்றமாக வைப்பது சரியா என்பதே என் கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தது. அப்பட்டியலின் தலையில் நிற்பது குன்றக் கூறல்; சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல். அதே பட்டியலில் மயங்க வைத்தலும் உண்டு; இதுவா அதுவா என்று படிப்பவரைத் தடுமாற விடுதல். வழூஉச் சொல் புணர்த்தலும் ஒரு குற்றமாக இடம்பெறுகிறது; பத்தில் ஒன்றாக. பணம் கைமாறும் எழுத்தில் குன்றக் கூறலும் மயங்க வைத்தலுமே தலையாய வழுக்கள், மற்ற எல்லாத் திருத்தங்களும் இவற்றுக்குப் பிறகுதான் என்பது என் வாதம். அதைச் சில கூறுகளாகப் பிரித்து வைக்கிறேன்.

1. சட்டம் வேறு மொழியில் இருக்கும்போது தமிழ் எதற்கு?

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் வரும் தடை வலுவானது. மலேசியாவில் வணிக ஆவணங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளருக்குத் தரும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது, தமிழைக் கேட்கவில்லை. தலைநகரின் விளம்பரப் பலகை விதிகளும் தேசிய மொழிக்கே முதன்மை தருகின்றன. கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் விதி, அதிகாரத் தேவைகள் தவிர்த்த பிறவற்றில் எந்த மொழியையும் பயன்படுத்துவதைத் தடுக்கக்கூடாது என்று நமக்கு இடம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே தமிழில் எழுதுவது அழகுக்கு, உணர்வுக்கு. அதில் துல்லியம் தேடுவது வீண் என்று சிலர் சொல்வர்.

இத்தடை ஒன்றைக் காணத் தவறுகிறது. கையெழுத்து விழுவது மலாய் ஆவணத்தில். ஆனால் கையெழுத்திடலாம் என்ற முடிவு அதற்கு முன்பே, தமிழில் எடுக்கப்பட்டுவிடுகிறது. நாளிதழில் வந்த நான்கு வரி விளம்பரத்தை, கைப்பேசியில் வந்த செய்தியை, கடைக்காரர் வாயால் சொன்ன விளக்கத்தை வைத்தே ஒருவர் மனம் ஒப்புகிறார். சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கடன் ஒப்பந்தத்துக்குச் சான்றொப்பமிடுபவர் அதன் நிபந்தனைகளைக் கடன் வாங்குபவருக்கு விளக்கியிருக்க வேண்டும், அவர் அதன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொண்டார் என்று தோன்றியிருக்க வேண்டும் என்கிறது. மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராத ஒரு மூதாட்டிக்கு அந்த விளக்கம் எந்த மொழியில் நடக்கும்? தமிழில்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் சேர்த்த நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய பகுதியும், ஒப்பந்த வாசகம் படிக்கவோ புரிந்துகொள்ளவோ கடினமாக இருந்ததா என்பதைக் கருதத்தக்க காரணங்களுள் ஒன்றாக வைக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் நுகர்வோர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் வாதிடுவதில்லை. வாங்கியவரும் விற்றவருமே தங்கள் சீட்டையும் ரசீதையும் காட்டிப் பேசுகிறார்கள். அந்தச் சீட்டில் இருக்கும் தமிழ் மயக்கமாக இருந்தால் இரு தரப்பும் அவரவர் நினைத்ததையே உறுதியாகச் சொல்வார்கள். அங்கே ஒருவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரே சொல்லை இருவர் இரண்டாகப் படித்திருக்கிறார்கள்.

2. நம் மரபில் கணக்கு மொழி கறாரானது

தமிழ் உணர்ச்சிக்கு ஏற்ற மொழி, கணக்குக்கு ஆங்கிலமே ஏற்றது என்ற எண்ணம் நம்மிடையே படித்தவர்களிடமும் இருக்கிறது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கிகள் வைத்திருந்த நகரத்தார் இந்த எண்ணத்துக்கு நேர் எதிரான சான்று. இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று பரந்த அவர்களுடைய வட்டித் தொழில் தமிழில் எழுதிய குறிப்பேட்டிலும் பேரேட்டிலும் நடந்தது. முதலாளி, அவர் சார்பில் கடல் கடந்து கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்து நிற்கும் அடுத்தாள், பெட்டியடியில் இருக்கும் பையன் என்று ஒவ்வொருவர் பொறுப்புக்கும் ஒரு பெயர் இருந்தது. வட்டி என்று பொத்தாம்பொதுவாக எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நடப்பு வட்டி வேறு, தவணை வட்டி வேறு. ரங்கூன் முகல் தெருச் செட்டியார் கோயிலில் அவர்கள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்த செய்தி 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையில் பதிவாகியுள்ளது. சொல்லைக் கேட்டவுடனே எந்த அடிப்படையில் எவ்வளவு என்பது கடலுக்கு இருபுறத்தவருக்கும் ஒன்றுபோல் விளங்கியது. விளங்காவிட்டால் மூன்று ஆண்டுத் தவணைக்குப் போன மேலாளும் ஊரில் இருந்த முதலாளியும் கணக்கு முடிக்கவே முடிந்திராது.

இலக்கணமும் இதில் பின்தங்கியதில்லை. ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒரே செயலைக் குறிப்பன. ஆனாலும் கேட்பவர் தாழ்ந்தவரா, ஒத்தவரா, உயர்ந்தவரா என்பதற்கேற்ப அவை வேறு வேறு இடத்துக்கு உரியவை என்று தொல்காப்பியம் பிரித்தது. அந்த ஏற்றத்தாழ்வு இன்று நமக்கு வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கலில் யார் யாரிடம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்ற கூர்மை வேண்டும். இந்தக் கூர்மை நமக்குப் புதிது அல்ல, கைவிட்டுப் போனது.

3. மூன்று சொற்கள், மூன்று இழப்புகள்

வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கின் வணிகத் தமிழில் பண இழப்புக்கு நேரடியாக வழிவிடும் சொற்கள் என்று மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, வட்டி. "ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி" என்ற வரியைப் பாருங்கள். எழுத்துப் பிழை இல்லை, பிறமொழிச் சொல் இல்லை, எல்லாம் நல்ல தமிழ். இந்த வரியின்படி 10,000 வெள்ளியை 5 ஆண்டுக்குக் கடன் வாங்கும் ஒருவர் வட்டியாக எவ்வளவு கட்டுவார்? முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் 5 ஆண்டும் வட்டி போட்டால் வட்டி 2,500 வெள்ளி, மொத்தம் 12,500, மாதத் தவணை 208 வெள்ளி 33 சென். ஒவ்வொரு மாதமும் மீதியிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 188 வெள்ளி 71 சென். மொத்த வட்டி சுமார் 1,323 வெள்ளிதான். ஒரே வரி, இரண்டு கணக்கு, ஏறத்தாழ 1,177 வெள்ளி வேறுபாடு. முதல் முறையில் கடன் வாங்கியவர் உண்மையில் சுமப்பது, மீதிக் கடனுக்கு வட்டி போடும் முறையில் சொன்னால், ஆண்டுக்கு ஏறக்குறைய 9.15 விழுக்காடு. கடைசி ஆண்டில் கடனின் பெரும்பகுதியை அடைத்த பிறகும் அவர் 10,000 வெள்ளிக்கே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் காரணம்.

இதைத் தமிழில் சொல்ல முடியாதா? முடியும். ஆனால் வழக்கில் இருக்கும் "நிலையான வட்டி" என்ற தொடர் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. காலம் முழுதும் விகிதம் மாறாத வட்டியையும் அதுவே குறிக்கிறது, முழு முதலுக்கும் போடும் வட்டியையும் அதுவே குறிக்கிறது. இவை இரண்டும் ஒன்றல்ல. புதுச்சொல் தேடுவதைவிட "வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி" என்றும் "மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி" என்றும் விரித்து எழுதுவதே இங்கு சரியான தமிழ். அதோடு மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒரு தொகை வந்துவிட்டால் விகிதத்தைப் புரிந்துகொள்ளாதவரும் ஏமாற மாட்டார். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் ஈடு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கும் ஈடு இல்லாத கடனுக்கு 18 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. அடகுக் கடைக்கு எல்லை மாதத்துக்கு 2 விழுக்காடு. ஒன்று ஆண்டுக் கணக்கு, மற்றது மாதக் கணக்கு. "குறைந்த வட்டி, 2 விழுக்காடு மட்டுமே" என்று எழுதி, மாதத்துக்கா ஆண்டுக்கா என்பதை விட்டுவிடுவது குன்றக் கூறலின் முழு வடிவம். வட்டி முதலைகளைப் பற்றி நம் நாளிதழ்கள் ஓயாமல் எழுதுகின்றன, எழுத வேண்டியதே. அதே இதழின் விளம்பரப் பக்கத்தில் கால அளவு இல்லாத வட்டி வரி வெளிவருமானால் அந்த எழுத்துக்குப் பயன் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, முன்பணம். திருமண மண்டபம், சமையல் ஏற்பாடு, நகைச் சேமிப்புத் திட்டம், வாடகை வீடு, பழைய கார் என்று எல்லா இடத்திலும் வருகிற சொல் இது. இதற்குள் குறைந்தது மூன்று வேறு பணங்கள் ஒளிந்திருக்கின்றன. விலையில் ஒரு பகுதியை முதலிலேயே கட்டுவது ஒன்று. அது கடைசிக் கணக்கில் கழியும். வீட்டை விட்டுப் போகும்போது சேதமில்லை என்றால் திரும்பத் தரும் பணம் ஒன்று. நம் வீட்டு வாடகை வழக்கத்தில் இரண்டு மாத டெபாசிட் என்பது இதுதான். வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைப்பதற்காக வாங்கும், பின்வாங்கினால் திரும்பாத பணம் ஒன்று. மூன்றையும் "முன்பணம்" என்றே சீட்டில் எழுதுகிறோம். சண்டை வரும் நாளில் கொடுத்தவர் இரண்டாவது பொருளைச் சொல்வார், வாங்கியவர் மூன்றாவதைச் சொல்வார். இந்த வேறுபாடு வெறும் சொற்போர் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 1950இன் 75ஆம் பிரிவு, முறிந்த ஒப்பந்தத்துக்கான இழப்பீடு நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்கிறது. கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவு பறிமுதலாகும் டெபாசிட்டுக்கும் பொருந்தும் என்று கண்டது. அங்கே செல்ல வேண்டிய முதற்படியே, கொடுத்த பணம் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்பதற்கு ஈடா, விலையின் ஒரு கூறு மட்டுமா என்பதுதான். நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பிரித்துப் பார்க்கும் ஒன்றை நாம் ஒரே சொல்லில் மூடி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது சொல்லில் இழப்பு இன்னும் பெரிது. உத்தரவாதம். குளிர்சாதனப் பெட்டிக்கு ஓராண்டு உத்தரவாதம் என்கிறோம். அங்கே கடைக்காரர் பொறுப்பேற்கிறார். மைத்துனர் வாங்கும் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்து என்கிறோம். அங்கே கையெழுத்திடுபவர் பொறுப்பேற்கிறார். ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். அதாவது கடனாளி கட்டாவிட்டால் முழுத் தொகையும் அவர் தலையில் விழும். இதைச் "சாட்சிக் கையெழுத்து மாதிரிதான்" என்று வாயால் சொல்லி வாங்கியவர்களும், அப்படி நம்பி இட்டவர்களும் நம் சமூகத்தில் உண்டு. சாட்சி என்றால் பார்த்தவர். பிணையாளர் என்றால் கொடுக்க வேண்டியவர். ஜாமீன் என்று சொன்னாலும் கேரண்டர் என்று சொன்னாலும் கேட்பவருக்கு ஆபத்து விளங்கும். உத்தரவாதம் என்று மென்மையாகச் சொன்னால் விளங்காது. இந்த ஓரிடத்தில் பழைய அரபுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் நாம் தமிழாகவே எண்ணிவிட்ட அந்த வடசொல்லைவிட நேர்மையாக வேலை செய்கின்றன. பிணை என்ற நம் சொல்லும் அவ்வாறே செய்யும், அதை மீட்டுக்கொள்ளலாம்.

4. சொல் சரியாக இருந்தும் தொடர் மயக்கலாம்

"நிரந்தர வேலையில் இருப்பவர்கள் மற்றும் சொந்த வீடு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்." இரண்டு தகுதியும் ஒருவருக்கே வேண்டுமா, ஏதேனும் ஒன்று போதுமா? "மற்றும்" இதற்கு விடை தருவதில்லை. "நிரந்தர வேலையும் சொந்த வீடும் உள்ளவர்கள்" என்றால் ஒருவருக்கே இரண்டும். "நிரந்தர வேலை உள்ளவர்களும் சொந்த வீடு உள்ளவர்களும்" என்றால் இரு சாரார். நம் உம்மை எங்கே ஏறுகிறதோ அங்கே பொருள் தெளிகிறது. மற்றும் என்பதைத் தமிழ் நடை கெட்டுப்போவதன் அடையாளமாகப் பலர் கண்டித்திருக்கிறார்கள். நடை ஒரு பக்கம் இருக்கட்டும். வணிகத்தில் அது கெடுப்பது தகுதியின் எல்லையை.

"கட்டணம் திரும்ப வழங்கப்படும்" என்ற தொடரில் யார், எப்போது, எவ்வளவு, எந்த வழியில் என்ற நான்கும் இல்லை. செயப்பாட்டு வினை தமிழுக்கு அயல் என்று நான் சொல்லவில்லை. செய்பவர் யாரென்று தெரியாத இடத்திலும் தேவைப்படாத இடத்திலும் அது பொருத்தமே. பணம் தர வேண்டியவர் தன் பெயரை ஒளித்துக்கொள்ள அது இடம் தருவதே சிக்கல். "நிகழ்ச்சியை நாங்கள் ரத்து செய்தால், கட்டிய முழுத் தொகையையும் 14 நாளுக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் போடுவோம்" என்பதில் நான்கும் வந்துவிடுகின்றன. அந்தத் தொடரை எழுத ஒரு நிறுவனம் தயங்குமானால் தயக்கம் தமிழில் இல்லை, வாக்குறுதியில் இருக்கிறது. எழுத்தைத் திருத்தும்போதே தொழிலும் திருந்தும் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

காலத்தைக் குறிக்கும் சொற்களிலும் இதே நிலைதான். "15ஆம் தேதிக்குள்" என்றால் 15ஆம் தேதி மாலை கட்டினால் ஏற்பார்களா? "ரசீது நாளிலிருந்து ஏழு நாள்" என்றால் ரசீது கொடுத்த நாள் கணக்கில் சேருமா? மலேசியச் சட்டங்களைப் பொருள்கொள்வதற்கான 1948, 1967ஆம் ஆண்டுச் சட்டங்களின் 54ஆம் பிரிவு, ஒரு நிகழ்விலிருந்து நாளெண்ணும்போது அந்த நிகழ்வு நடந்த நாளை விட்டுவிட வேண்டும் என்று சட்ட வாசகங்களுக்கு வரையறை செய்திருக்கிறது. சட்டம் இயற்றுவோருக்கே இந்த ஐயம் எழுந்து விதி தேவைப்பட்டது என்றால், கடைச் சீட்டுக்குத் தேவைப்படாமல் இருக்குமா? "15ஆம் தேதி மாலை 5 மணி வரை கட்டலாம்" என்று எழுதினால் விதியே வேண்டாம்.

தீபாவளிக் கால விளம்பரங்களின் "50 விழுக்காடு வரை தள்ளுபடி" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பொருளுக்கு 50 என்பதைப் பெரிதாக எழுதும் கடை வாடிக்கையாளரை மதிக்கும் கடை.

5. கலப்புச் சொல்லா, தனித்தமிழா என்ற கேள்வி

இப்போது தனித்தமிழ்ப் பற்றாளர்களின் தடைக்கு வருகிறேன். அவர்களுடைய அக்கறை உண்மையானது. மலேசியத் தமிழ் இன்று நிலைத்திருப்பதில் அவர்கள் பங்கு பெரிது. தெளிவு, தெளிவு என்று சொல்லிச் சொல்லியே டெபாசிட், இன்வாய்ஸ், கேரண்டர் எல்லாவற்றையும் உள்ளே விட்டால் நாளைக்குத் தமிழில் வணிகச் சொல்லே மிஞ்சாது என்பது அவர்கள் அச்சம்.

நம் கணக்கு மொழியின் வரலாறு இந்த அச்சத்தைக் குறைக்கிறது. அசல், பாக்கி, வசூல், ஜாமீன், ரசீது: இவை அரபு, பாரசீக வழிவந்தவை. இவற்றை ஏற்றுக்கொண்ட பிறகும் பற்று, வரவு, வட்டி, தவணை, ஈடு, நிலுவை, பேரேடு ஆகியவை மறையவில்லை. பக்கத்திலேயே நின்று வேலை செய்தன. மறுபுறம், தமிழாக்கம் வென்ற இடமும் இந்நாட்டிலேயே இருக்கிறது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியை அப்பெயராலேயே தோட்டத் தொழிலாளி முதல் மேலாளர் வரை அறிவர். சம்பளத்தில் பிடிக்கும் 11 விழுக்காடு எங்கே போகிறது என்று கேட்டால் சேமநிதிக்கு என்பார்கள். அச்சொல் வென்றது அது தூய தமிழ் என்பதால் அன்று. அது எப்போதும் ஒரே ஒரு பொருளைக் குறித்தது, எல்லாரும் ஒன்றுபோல் எழுதினார்கள், ஆண்டுதோறும் காதில் விழுந்தது.

தோற்கும் தமிழாக்கங்களைப் பாருங்கள். விலைப்பட்டியல் என்பது சரக்குகளின் விலைகளை வரிசையாகக் காட்டும் தாளையும் குறிக்கிறது, விற்ற சரக்குக்குப் பணம் கேட்டு அனுப்பும் தாளையும் குறிக்கிறது. முதலாவது விலை அறிவிப்பு. வாங்கக் கட்டாயம் இல்லை. இரண்டாவது கொடுக்க வேண்டிய கடன். ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியல் கட்டாயமாகி, பிறகு படிப்படியாகச் சிறியவற்றுக்கும் விரிந்த நிலையில் இரண்டாவது தாள் வரி ஆவணமும் ஆகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே பெயர் இனியும் தாங்காது. பற்றுச்சீட்டு இன்னும் சிக்கலானது. இலங்கைத் தமிழர் அதைப் பணம் பெற்றதற்கான ரசீது என்று படிப்பார்கள். சிங்கப்பூரில் அரசு வீடுதோறும் வழங்கும், கடையில் பணத்துக்குப் பதில் கொடுக்கக்கூடிய சீட்டுக்கு அதுதான் பெயர். கணக்கர் ஒருவர் பற்று என்பதைப் பார்த்து வேறொன்று நினைக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வே வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களும், தமிழ்நாட்டிலிருந்து நேற்று வந்த ஊழியர்களும், சிங்கப்பூருக்குப் போய்வரும் இளைஞர்களும் ஒரே கடையில் நிற்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் இது ஏட்டளவுச் சிக்கல் அன்று. வெள்ளி என்ற சொல்லும் அப்படியே: இங்கே ரிங்கிட், அக்கரையான சிங்கப்பூரில் டாலர். ஜொகூரைத் தாண்டிப் போகக்கூடிய எந்தத் தாளிலும் ரிங்கிட் என்று எழுதிவிடுவது நலம். பெருந்தொகைகளை லட்சமா மில்லியனா என்று தாளுக்குத் தாள் மாற்றாமல், ஒன்றைத் தேர்ந்து, பக்கத்தில் இலக்கத்திலும் எழுதுவதும் அவ்வாறே.

ஆகவே என் அளவுகோல் இது. ஒரு சொல்லைக் கண்டதும் இந்தப் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர் பலரும் ஒரே பொருளைக் கொள்வார்களானால் அது வணிகத் தமிழ்ச் சொல். அதன் பிறப்பிடம் இரண்டாவது கேள்வி. பலரும் பலவாகக் கொள்வார்களானால் அது எவ்வளவு தூயதாக இருந்தாலும் இந்த எழுத்துக்கு ஆகாது. புதிய தமிழ்ச் சொல்லைப் பரப்ப விரும்புவோர் பரப்பலாம், பரப்ப வேண்டும். முதல் இடத்தில் மக்கள் அறிந்த சொல்லையும் சேர்த்து எழுதிவிட்டுத் தாள் முழுதும் அந்தப் புதுச்சொல்லை மாறாமல் ஆளட்டும். ஒரே தாளில் ஒரு வரியில் முன்பணம், அடுத்த வரியில் வைப்புத்தொகை, கீழே அட்வான்ஸ் என்று மாற்றி எழுதுவதே பெரிய தீங்கு. கட்டுரையில் சொல் திரும்பத் திரும்ப வராமல் மாற்றுவது அழகு என்று பள்ளியில் கற்றோம். ஒப்பந்தத்தில் அதே பழக்கம், மூன்று வேறு பணங்கள் இருக்கின்றனவோ என்ற ஐயத்தை உண்டாக்கும்.

6. மதிப்பும் எந்திரமும்

எளிதாக எழுதினால் நிறுவனத்தின் மதிப்பு குறையும் என்பது இன்னொரு தடை. "தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவன்புடன் கொண்டுவரப்படுவது யாதெனில்" என்று தொடங்கி, நிலுவை எவ்வளவு என்பதை மூன்றாம் பத்தியில் சொல்லும் கடிதம் மதிப்பாக இருக்கிறது என்று நினைக்கிறோம். மரியாதை தமிழுக்கு அடிப்படை. வயதில் மூத்த வாடிக்கையாளரைத் தாங்கள் என்று விளிப்பதில் எனக்கு முழு உடன்பாடு. தொகை, நாள், கட்டும் வழி மூன்றையும் முதல் பத்தியில் வைத்துவிட்டு அதே தாங்களைச் சொல்லலாம். பிரிட்டனில் ஏர்னஸ்ட் கோவர்ஸ் 1948இல் அரசு ஊழியர்களுக்காக எளிய சொல்லாட்சி பற்றிய நூலை எழுதினார். அமெரிக்கா 2010இல் அரசு அலுவலக எழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. 2023இல் பன்னாட்டுத் தர அமைப்பு எளிய மொழிக்கென ஒரு தரத்தை வெளியிட்டது. அதன் கருத்து சுருக்கமானது: படிப்பவர் தமக்கு வேண்டியதைக் கண்டெடுக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், அதைக் கொண்டு செயல்பட முடிய வேண்டும். இவற்றால் அந்நாடுகளின் எந்த அலுவலகத்துக்கும் மதிப்புக் குறையவில்லை.

மொழிபெயர்ப்பு எந்திரம் வந்துவிட்டதே, இதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்விக்கு என் பதில் குறுகியது. எந்திரம் சொல்லை மாற்றித் தரும். இந்தப் பணம் திரும்புமா திரும்பாதா என்பதைக் கடைக்காரர் சொன்னால்தான் அதற்குத் தெரியும். மலாய் மூலத்தில் இல்லாத தெளிவு தமிழில் தானாக வந்துவிடாது.

7. இனி செய்யக்கூடியவை

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. சங்க இலக்கியத்துக்கும் மலேசிய இலக்கியத்துக்கும் அது ஆற்றிய பணிக்கு நிகராக, கடன் தாளும் காப்புறுதித் தாளும் ஆராயத்தக்க மூலங்கள் என்று மாணவர்களுக்கு அத்துறை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நமக்குச் சொற்பட்டியல்கள் போதிய அளவு உண்டு. ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கும், எதைக் குறிக்காது என்று ஒரு வாக்கியத்தில் எல்லை கட்டும் கையேடுதான் இல்லை. இந்திய வர்த்தக சங்கங்களும் உணவகச் சங்கமும் பல்கலைக்கழகமும் ஒன்றாக உட்கார்ந்தால் ஐம்பது சொற்களில் தொடங்கலாம்.

தமிழ் நாளிதழ்களின் விளம்பரப் பிரிவினருக்கு: வட்டியைக் குறிப்பிடும் எந்த விளம்பரத்தையும் மாதத்துக்கா ஆண்டுக்கா, முழுத் தொகைக்கா மீதிக் கடனுக்கா, மொத்தம் எவ்வளவு என்ற மூன்றும் இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். இந்த மூன்றைச் சேர்க்க இரண்டு வரி போதும்.

இந்த மண்டபத்தில் இருக்கும் கடை உரிமையாளர்களுக்கு: உங்கள் ரசீதுப் புத்தகம் அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது, முன்பணம் என்ற சொல்லுக்குக் கீழே அது விலையில் கழியுமா, திரும்பக் கிடைக்குமா, கிடைக்குமென்றால் எத்தனை நாளில் என்பதைத் தமிழில் ஒரு வரியாகச் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள்.